கட்டிலருகே கேட்க வேண்டியது

அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தேசியத் தர உறுதிச் சான்று வழங்குவதற்கு முன் மதிப்பீட்டுக் குழு ஒன்று வரும். அப்படிப்பட்ட குழுக்களில் நானும் போகிறேன். ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1, 2 என மூன்றே மதிப்பெண்கள். நேரில் பார்க்கலாம், ஊழியரைக் கேட்கலாம், பதிவேட்டைப் புரட்டலாம், நோயாளியிடம் பேசலாம். இந்தக் கடைசி வேலைக்குத்தான் எப்போதும் நேரம் பற்றாமல் போகிறது.

பிரசவ அறைக்குள் போனதும் நான் கேட்பது, பிரசவம் முன்னேறுவதைக் குறித்துவைக்கும் பார்ட்டோகிராஃப் தாள்களை. கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து அதில் குறிக்க வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பை அரை மணிக்கொரு தடவை எழுத வேண்டும். எல்லாக் கட்டத்திலும் 140, ஒரே பேனா, ஒரே அழுத்தம் என்றிருந்தால் அது குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து நிரப்பிய தாள். துடிப்பு 136, 148, 142 என ஏறி இறங்கி, டூட்டி மாறிய இடத்தில் கையெழுத்தும் மாறி, ஓரத்தில் பெட்டாடின் கறை பட்டிருந்தால், தாயின் பக்கத்திலேயே ஒருவர் நின்றிருக்கிறார் என்று நம்பலாம். நிரப்பிய தாளைக் கண்டதும் நர்ஸைக் கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பிரசவ அறையையும் வார்டையும் ராத்திரி முழுக்க ஒரே சிஸ்டர் பார்த்தால் வேறென்ன நடக்கும்? அந்த ஆள் பற்றாக்குறைதான் அறிக்கையில் முதல் வரியாக வர வேண்டும்.

அடுத்தது செலவு. “வெளியில ஏதாச்சும் வாங்கச் சொன்னாங்களாம்மா?” என்றால் அந்தப் பெண் முதலில் நர்ஸின் முகத்தைப் பார்ப்பார். நர்ஸை நகரச் சொல்லிவிட்டுக் கேட்டால், “மாத்திரையெல்லாம் இங்கயே குடுத்துட்டாங்க மேடம். ஸ்கேன்தான் வெளியில எடுத்தோம். வீட்டுக்காரருக்கும் அன்னைக்குக் கூலி போச்சு” என்று வரும். மாத்திரை விஷயத்தில் தமிழ்நாடு பெருமைப்படலாம். 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஆஸ்பத்திரிகள் பாஸ்புக்கில் உள்ள ஒதுக்கீட்டுக்கு ஏற்ப எடுத்துக்கொள்கின்றன. ஆனால் 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி கர்ப்பிணிக்குப் பரிசோதனைகளும் இலவசம்தான். சுவரில் அந்த அறிவிப்புப் பலகை பளிச்சென்று தொங்கும். பலகைக்கு மதிப்பெண் போட்டுவிட்டு வெளியே எடுத்த ஸ்கேனைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயமே இல்லை. பஸ் காசும் போன கூலியும் சேராத எந்த மதிப்பீடும் ஏழைக்கு இந்த ஆஸ்பத்திரி என்ன பெறும் என்பதைச் சொல்லாது.

உங்கள் கட்டிலருகே எங்களைப் போன்றவர்கள் வந்து நின்றால் தயங்காமல் பேசுங்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், எதற்குக் காசு போனது, ராத்திரி கூப்பிட்டபோது யார் வந்தார்கள் என்று சொல்லுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்ட சிஸ்டரின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள்.