பாம்பாற்றங்கரைப் பாதை

பெரியகுளம்

சிரஞ்சீவி பேரனுக்குத் தாத்தா எழுதிக்கொள்வது.

நீ இருக்கும் சுவிட்சர்லாந்து தேசத்தில் ஓடையை ஒட்டிய நடைபாதையொன்றில் ஒரு பகல் முழுவதும் நடந்தாய் என்றும், நடக்க நடக்க, சிறுவயதில் நான் உன்னைக் கும்பக்கரை அருவிக்கு மேலே அழைத்துச் சென்ற வழி நினைவுக்கு வந்தது என்றும், அந்த வழியை உண்டாக்கியவர் யார் என்றும் கேட்டு எழுதியிருந்தாய். அக்கேள்வி எனக்கு மிகுந்த சந்தோஷத்தை அளித்தது. ஏனெனில், கும்பக்கரையில் குளித்துவிட்டு வீடு திரும்பும் திரளான ஜனங்களுள், அருவிக்கு மேலே ஒரு பாதை உண்டு என்று அறிந்தவர்கள் சொற்பம்.

அங்கே வழுக்குப்பாறையின் மேல் அருவியாகச் சரிந்து விழும் பாம்பாறு, கொடைக்கானலில் வட்டக்கானல் பக்கத்துச் சோலைக்காடுகளில் பிறப்பது. மழைநீரை மட்கிய இலைகளும் பாசியும் பஞ்சுபோல் ஏந்திவைத்துச் சிறிது சிறிதாகக் கசியவிடுவதால், மழை ஓய்ந்த பின்னும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தனை உயரத்தையும் தண்ணீர் தாவித் தாவி இறங்கிவிடும். சுமையோடு ஏறும் மனிதனுக்கு அது இயலாது. ஆகையால் நம் பாதை, கீழே ஆற்றுக்குத் துணையாகச் சிறிது தூரம் சென்று, செங்குத்து வந்த இடத்தில் விலகி, இரைச்சல் மட்டும் காதில் விழ மலைச்சரிவை வளைத்து ஏறி, வெள்ளகெவி என்னும் ஊரைத் தொட்டு, முடிவில் வட்டக்கானலில் மறுபடியும் நீரைச் சந்திக்கிறது.

1821-ஆம் ஆண்டில் லெப்டினண்ட் வார்டு என்ற நில அளவை அதிகாரி வெள்ளகெவியில் முகாமிட்டு, அங்கிருந்து உச்சிக்கு ஏறினார். கொடைக்கானலின் சரித்திரத்தை அவரிடமிருந்தே தொடங்குவது வழக்கம். ஆனால் அவர் வந்தபோதே வெள்ளகெவி ஓர் ஊராக இருந்தது; ஊர் இருந்தது என்றால் ஊருக்கு வழியும் இருந்தது; அவ்வழியைக் காலால் நடந்து நடந்தே உண்டாக்கியவர்கள் குன்னுவர் என்னும் மலைக்குடிகள். உன் கேள்விக்கு நான் அறிந்த விடை இதுதான்.

பின்னர், 1845-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-இல் லெவிஞ்சு என்ற துரை அங்கே ஏரியை அமைத்தார். அக்காலத்துத் துரைமாரும் துரைசானிகளும் மாட்டுவண்டியில் மலையடிவாரத்துத் தோப்பு ஒன்றுக்கு வந்து, வேறொரு மலைவழியாகக் குதிரையிலும், கூலிகள் தோளில் சுமந்த நாற்காலிகளிலும் ஏறினார்கள். 1916-இல் வண்டிகள் செல்லும் மலைச்சாலை திறந்ததும், சமவெளியார் நடைவழிகளை மறந்தார்கள். சாலை எட்டாத வெள்ளகெவியாருக்கோ மறக்க வழியிருக்கவில்லை. காப்பியும் மலைவாழையும் குதிரை முதுகிலும் தலைச்சுமையிலும் இறங்கின. நோயாளி டோலியில் சென்றார். அந்தத் தேவையே இப்பாதையைப் புதர் மூடாமல் காத்தது.

நாம் நடந்த வழியில் ஆற்றோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு தட்டைப் பாறை இருந்ததே, ஞாபகமிருக்கிறதா? சுமைக்காரர்கள் குனியாமல் மூட்டையைச் சாய்த்து இளைப்பாறும் இடம் அது. அதன் விளிம்பு தேய்ந்து எண்ணெய் பூசினாற்போல் மின்னும். அங்கே நீ ஆற்றில் இறங்க ஆசைப்பட்டபோது நான் தடுத்ததற்கும் காரணம் உண்டு. கீழே வெயில் காயும்பொழுதே மேலே மழை கொட்டும். தண்ணீரின் நிறம் கலங்கி, தழையும் சுள்ளியும் மிதந்து வந்தால், வெள்ளம் பின்னாலேயே வருகிறது என்று பொருள். அக்கணமே கரையேறிவிடவேண்டும்.

வரும் தை மாதம் நீ ஊருக்கு வரும்போது, வனத்துறையின் அனுமதி பெற்று இருவரும் மறுபடி நடப்போம். தெய்வங்கள் உறையும் ஊர் என்று வெள்ளகெவியார் ஊருக்குள் செருப்பணிவதில்லை; ஆகவே எல்லையிலேயே உன் பாதரட்சையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள். வெறுங்கால்களே மிதித்து மிதித்து வழவழப்பாக்கிய கற்கள் அங்கே கிடக்கின்றன. நான் இத்தனை வரிகளில் எழுதியதை அவை உன் உள்ளங்காலுக்கு உடனே சொல்லிவிடும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் தாத்தா