ஒரே அடுப்புல சுட்ட கறி

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் போனா கடைப் பலகையில தமிழ், இங்கிலீஷோட கொரிய எழுத்தும் இருக்கும். 1996-ல ஹூண்டாய் அங்க வந்துச்சு. 1998-ல சான்ட்ரோ கார் வெளிய வந்துச்சு. கூடவே உதிரிபாகக் கம்பெனிங்க, கொரியாக்காரங்க, அவங்களுக்குச் சோறு போட ஹோட்டலுங்க. என் தம்பி மகன் அப்படி ஒரு கம்பெனியிலதான் வேலை பாக்குறான். எள்ளு அறுப்பு முடிஞ்சதும் கூட்டேரிப்பட்டுல பஸ் ஏறி அவனைப் பாக்கப் போனேன். "வாங்க பெரியப்பா, கறி சுட்டுத் திங்கலாம்"னு ஒரு கொரியன் கடைக்குக் கூட்டிட்டுப் போனான்.

மேசை நடுவுல அடுப்பு. மேல, புகையை இழுக்க ஒரு குழாய். பச்சைக் கறியைக் கொண்டாந்து வச்சிடுறாங்க, நாமளே சுட்டுக்கணும். கத்தி இல்ல, கத்தரிக்கோலாலதான் வெட்டுறாங்க. சுத்தி சின்னச் சின்னக் கிண்ணத்துல கிம்ச்சி, முள்ளங்கி, முளைப்பயறு, கீரை. தீரத் தீரக் கேட்டு வாங்கலாம், தனிக் காசு கிடையாது. நம்ம கல்யாணப் பந்தி மாதிரி. லெட்டூஸ் இலையில கறி, பூண்டு, புளிக்கவச்ச சோயா விழுது வச்சு மடிச்சு ஒரே வாயில போட்டுக்கணும்.

தொட்டுக்க ஒரு எண்ணெய். மோந்து பாத்தா நல்லெண்ணெய்! உப்பு போட்டிருந்தாங்க. நாம எள்ளை வெயில்ல காயவச்சு, கருப்பட்டி சேர்த்து செக்குல ஆட்டுறோம். அவங்க வறுத்து ஆட்டுறாங்க. அதான் நிறமும் கருப்பு, வாசனையும் தூக்கலு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தோட டி.எம்.வி. எள்ளு விதைக்கிறவன் நான். எனக்கு அந்தக் கிண்ணத்தை விட மனசே வரல.

கறி என்னன்னு சொல்லலையே. பன்னிக்கறி. கொழுப்போட வயித்துப் பக்கம், சம்கியோப்சால்னு பேரு.

ஊர்ல இந்தக் கறி எந்தத் தெருவுல விக்கும்னு எல்லாருக்கும் தெரியும். மத்த தெருக்காரங்க இருட்டினப்புறம் போய், கறுப்புப் பையில சுருட்டி, "மூலத்துக்கு மருந்து"ன்னு சொல்லி எடுத்துட்டு வருவாங்க. காலையில அந்தத் தெருவையே மட்டமாப் பேசுவாங்க. இங்க அதே கறி ஏசி ரூம்ல, கண்ணாடிச் சன்னல் ஓரத்துல. பக்கத்து மேசையில நம்ம பசங்க நாலஞ்சு பேரு, எந்த ஊரோ, எந்தத் தெருவோ, ஒரே அடுப்புல சுட்டு ஒருத்தன் தட்டுல இன்னொருத்தன் வைக்கிறான்.

வெளிய வந்ததும் தம்பி மகன் மெதுவா, "பெரியப்பா, ஊர்ல சொல்லிடாதீங்க"ன்னான்.

அவன் பேரை நான் சொல்லல. நான் தின்னதை நானே எழுதிட்டேன். ருசியா இருந்துச்சு.