பஸ் சீட்டும் இங்கிலீஷ் வார்த்தையும்

கடலூரில் "ஓ.டி." என்றால் ஓல்டு டவுன், பழைய நகரம். நடுவில் இருக்கும் புள்ளியை எடுத்துவிட்டுப் படித்தால் 'ஓடி' என்று வினையெச்சம் ஆகிவிடும்! பெயர் இப்படி வினையாவது தமிழில் விளையாட்டு. இங்கிலீஷிலோ அன்றாடப் பிழைப்பே அதுதான்.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு சிதம்பரத்துக் கல்லூரிக்கு வருகிற மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். 'புக்' என்றால் புத்தகம் என்று மனப்பாடம் செய்தவன். "டிக்கெட் புக் பண்ணு" என்று சரளமாகச் சொல்கிறவனும் அவன்தான். ஆனால் "புக் தி டிக்கெட்" என்று 'பண்ணு' இல்லாமல் வந்தால் திகைத்துவிடுகிறான். தப்பாகச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். அதற்குப் பயந்தே மூன்று வருஷமும் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர்...

குறை அவன் மூளையில் இல்லை. தமிழில் ஒரு சொல் எந்த வகை என்று அதன் வாலே காட்டிவிடும். அழகு, அழகான, அழகாக. இரவல் சொல்லுக்கும் வால் ஒட்டித்தான் பேசுகிறோம். டேபிளை கிளீன் பண்ணு, கிளீனான டேபிள், டேபிள் கிளீனா இருக்கு.

இங்கிலீஷுக்கும் ஒரு காலத்தில் வால் இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் 'லவ்' என்ற பெயர்ச்சொல் 'லுஃபு', வினை 'லுஃபியன்'. போகப்போக வால்கள் தேய்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது கடலூருக்கு வந்ததே இந்த வால் தேய்ந்த இங்கிலீஷ்தான்.

வால் போனால் அடையாளம் எது? உட்காரும் இடம்! ஒரே ஆள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் டிரைவர், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தால் பயணி. 'தி வாட்டர்' என்றால் தண்ணீர். 'ஐ வாட்டர் தி பிளான்ட்ஸ்' என்றால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். 'வாட்டர் டேங்க்' என்றால் அதுவே டேங்குக்கு அடைமொழி. ஒரு கம்பெனியின் பெயரான 'கூகுள்' கூட 2006-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் வினைச்சொல்லாக ஏறிவிட்டது.

ஆனால் எல்லாச் சொல்லும் சீட்டு மாறாது. 'சக்சஸ்' பெயர் மட்டும்தான். வினைக்கு 'சக்சீட்' வேண்டும். இன்னும் சில சொற்கள் வயிற்றுக்குள் உயிரொலியை மாற்றிக்கொள்ளும்: ஃபுல்-ஃபில், ஃபுட்-ஃபீட், பிளட்-பிளீட். புதிதாக இருக்கிறதா? சுடு-சூடு, கெடு-கேடு, பெறு-பேறு... பள்ளிக்கூடத்தில் படித்த முதனிலை திரிந்த தொழிற்பெயரை நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே வித்தைதான்!

ஆக, கடைசி பெஞ்ச் நண்பர்களே, சொல்லுக்கு அர்த்தம் மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். அது எந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். முன் பெஞ்ச் நண்பர்களே, அவன் தாய்மொழியின் இலக்கணத்தோடுதான் வந்து ஏறியிருக்கிறான். சிரிக்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்களேன் :)