மைனஸ் ஏழை மூன்றால் வகுத்தால்

மைனஸ் ஏழை மூன்றால் வகுத்தால் மீதி எவ்வளவு? சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளில் -7 % 3 என்று எழுதினால் -1 வரும். பைத்தானிலும் ரூபியிலும் அதே வரிக்கு 2 வரும். இரண்டுமே கணக்குப்படி சரியானவை. ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் பழைய எண் கிடைக்க வேண்டும் என்ற விதியை இரு தரப்பும் மீறவில்லை. ஈவு -2 என்றால் மீதி -1; ஈவு -3 என்றால் மீதி 2; எப்படிக் கூட்டினாலும் -7 வந்துவிடுகிறது. உண்மையான விடை -2.33 என்று இழுத்துக்கொண்டு போகும். அதை முழு எண்ணாக்கும்போது பூஜ்யத்தின் பக்கம் நகர்ந்து -2 என்று கொள்வதா, கீழே இறங்கி -3 என்று கொள்வதா என்பதில்தான் வழி பிரிகிறது. கணிதம் இங்கே யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மொழியை வடிவமைப்பவர்தான் முடிவு செய்தாக வேண்டும். முடிவு என்று வந்துவிட்டால் காரணம் கேட்கலாம். மீதிக் கணக்கை மக்கள் எதற்காகப் போடுகிறார்களோ அதற்கு உதவும் விடையைத்தான் மொழி தர வேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் பார்த்தால் பைத்தான் செய்தது சரி, சி வழி வந்த மொழிகள் செய்தது தவறு.

நிரல் எழுதுகிறவர்கள் மீதியைத் தேடிப் போவது பெரும்பாலும் சுழன்று வரும் ஒன்றுக்காக: கிழமை, மணி, மாதம். நம் அறுபது வருடப் பட்டியலையே எடுத்துக்கொள்ளலாம். பிரபவ 1987 சித்திரையில் பிறந்தது. எந்த ஆண்டானாலும் அதிலிருந்து 1987ஐக் கழித்து 60ஆல் வகுத்தால், வரும் மீதி அந்த ஆண்டு பிரபவவிலிருந்து எத்தனை இடம் தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடும். 2007க்கு மீதி 20. பிரபவவை 0 என்று வைத்து எண்ணினால் சர்வசித்து. 1947க்கு என்ன? கழித்தால் -40. பைத்தான் அதற்கும் மீதி 20 என்கிறது. மறுபடியும் சர்வசித்துதான், விடுதலை கிடைத்த ஆண்டின் பெயரும் அதுவே. சி மொழியோ -40 என்றே திருப்பித் தருகிறது. அறுபது பெயர் கொண்ட பட்டியலில் மைனஸ் நாற்பதாவது இடம் என்று ஒன்று கிடையாது. ஜாவா என்றால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். சி அப்படி நிற்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. பட்டியலுக்கு முன்னால் நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதைப் பெயர் என்று எடுத்துவரக்கூடும். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2010இல் தந்த விளக்கமும் இதே வகைதான். பல கணினி அமைப்புகளில் நேரம் 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளாக எண்ணப்படுகிறது. 86,400ஆல் வகுத்து மீதி எடுத்தால் அன்றைய நேரம் கிடைக்கும். 1970க்கு முந்தைய நேரத்தைக் குறை எண்ணாக எழுதினால், பூஜ்யத்தின் பக்கம் நகரும் வழியில் அர்த்தமற்ற விடை வரும். இன்னும் எளிய இடத்திலும் கால் இடறுகிறது. ஒற்றைப்படை எண்ணா என்று பார்க்க, 2ஆல் வகுத்து மீதி 1ஆ என்று கேட்பது எல்லோருக்கும் பழக்கம். ஜாவாவில் -3க்கு அந்தக் கேள்வி 'இல்லை' என்ற பதிலைத் தரும், ஏனென்றால் மீதி -1.

இவ்வளவு இடைஞ்சல் தருவதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஃபோர்ட்ரான் தொடக்கத்திலிருந்தே பூஜ்யத்தின் பக்கம் நகர்ந்தது. பெரும்பாலான கணினிகளின் வகுத்தல் கட்டளையும் அப்படியே அமைந்தது. 1989ஆம் ஆண்டின் சி தரநிலை, குறை எண் வந்தால் எந்தப் பக்கம் நகர்வது என்பதைக் கம்பைலர் எழுதுகிறவரிடமே விட்டிருந்தது. 1999இல்தான் பூஜ்யத்தின் பக்கம் என்று உறுதி செய்தார்கள். வேகத்துக்காகத்தான் அப்படி என்று சொல்வார்கள். பொதுவான வகுத்தலுக்கு அது ஓரளவு உண்மை. கீழே இறங்கும் விடை வேண்டுமென்றால் ஓரிரு கட்டளைகள் கூடுதலாகும். ஆனால் அடிக்கடி வரும் வகுத்தல்கள் 2, 4, 8 போன்ற எண்களால் வருபவை. அங்கே குறியைக் காத்தபடி பிட்டுகளை வலப்பக்கம் நகர்த்தினாலே போதும். அது தரும் விடை கீழே இறங்கிய விடைதான். சி மொழிக்காக அதைப் பூஜ்யத்தின் பக்கம் இழுக்கக் கம்பைலர்தான் கூடுதல் கட்டளைகளைச் செருக வேண்டியிருக்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 7ஐ 2ஆல் வகுத்தால் ஈவு 3. அப்படியானால் -7க்கு -3தானே வர வேண்டும், பைத்தான் ஏன் -4 என்கிறது? நியாயமான கேள்வி. ஈவை மட்டும் பார்த்தால் சியின் விடையே இயல்பாகத் தோன்றுகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஈவுக்கும் மீதிக்கும் தனித்தனியே நல்ல விடை தேர்ந்தெடுக்க முடியாது. ஒன்றை நிறுத்தினால் மற்றது தானே அமைந்துவிடும். குறை எண்ணை வகுத்து ஈவு தேவைப்படும் இடங்களைவிட, குறை எண்ணுக்குச் சுழற்சியில் இடம் தேட வேண்டிய இடங்கள் மிக அதிகம் என்பதால்தான் மீதியின் பக்கம் நிற்கிறேன். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதம் கற்பிக்கும் யூக்ளிடின் வகுத்தல் தேற்றமும் மீதி பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்றே சொல்கிறது. ரேமண்ட் பூட் என்ற கணினி அறிஞர் 1992இல் அந்த வரையறையை நிரல் மொழிகளுக்காக வாதாடினார். வகுக்கும் எண்ணே குறை எண்ணாக இருந்தால் மட்டும் அவர் வழியும் பைத்தான் வழியும் பிரியும். நடைமுறையில் அது அபூர்வம்.

நிரலாளர் தன் மொழியின் விதியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் தெரிந்தவர்களும் வழுக்கி விழுந்ததால்தானே 2014இல் வந்த ஜாவா 8 ஃப்ளோர்மாட் என்று ஒரு தனிச் செயற்கூறைச் சேர்த்தது, ரஸ்ட் மொழி 2019இல் யூக்ளிட் பெயரிலேயே ஒன்றை நிலைப்படுத்தியது. இரண்டிலும் சுருக்கமான % குறி பழைய பொருளிலேயே இருக்கிறது. கை முதலில் போவது அதனிடம்தான். சந்தேகம் வரும் இடத்தில் பதில் சொல்லவே மறுத்துவிடுவது இன்னொரு வழி. -2 ** 2 என்பதற்கு (** என்பது அடுக்குக் குறி) பைத்தான் -4 தருகிறது. அதே கணக்கை எக்செல்லில் போட்டால் 4 வரும். ஜாவாஸ்கிரிப்ட் அடைப்புக்குறி போடாமல் அதை எழுதவே விடாது. எனக்கு அந்த மறுப்பு மிகவும் பிடிக்கும். ஆனால் எழுத்தில் கண்ணுக்குத் தெரியும் குழப்பத்தைத்தான் அப்படித் தடுக்க முடியும். வகுபடும் எண் குறை எண்ணா என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். அங்கே அடா, ஹாஸ்கெல் மொழிகள் போன வழிதான் உண்டு: ரெம், மாட் என்று இரண்டு பெயர் கொடுத்து, எழுதுகிறவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வது.

நான் ஆதரிக்கும் வழியும் முழு எண்களைத் தாண்டினால் தடுமாறுகிறது. தசமப் புள்ளிக்குப் பின் பத்தொன்பது பூஜ்யங்களும் ஒரு 1உம் போட்டு, முன்னால் மைனஸ் வைத்து, அந்த எண்ணை 1ஆல் வகுத்து மீதி கேட்டால் பைத்தான் 1.0 என்கிறது. வகுத்த எண்ணே மீதியாக வரக்கூடாது. உண்மையான மீதி 1க்கு ஒரு மயிரிழை குறைவு. கணினியின் தசம எண்ணில் ஏறத்தாழ பதினாறு இலக்கம்தான் தங்கும் என்பதால் அந்த மயிரிழை தொலைந்துபோகிறது. பைத்தானின் கையேடு இந்தக் குறையை மறைக்காமல் சொல்லி, தசம எண்களுக்கு மேத் தொகுப்பில் இருக்கும் எஃப்மாட் செயற்கூறைப் பயன்படுத்தச் சொல்கிறது. அது சி மொழியைப் போலவே, வகுபடும் எண்ணின் குறியையே மீதிக்கும் வைக்கிறது.