பக்கத்து ஊர் நீச்சல் குளத்துக்கு நம் வரிப்பணமா?

சேலையூர் ஏரிக்கரையைக் கடக்கும்போதெல்லாம் அந்த அம்மா மகனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். சின்ன வயதில் தம்பியைக் கிணற்றில் பறிகொடுத்தவர்.

1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் குளம் போய்வருகிற தூரம்தான். ஆனால், கட்டணமும் ஆட்டோ செலவும் கையைக் கடிக்கின்றன. `தாம்பரம் மாநகராட்சி பாதிக் கட்டணம் தந்தால் என்ன?’ என்று கேட்டார்.

``சென்னையில இருக்கிற குளத்துக்கு நம்ம வரிப்பணமா? இங்க ரோடே சரியில்லை’’ என்றார் கணவர்.

அதுவும் நியாயம்தான். ``எல்லாருக்கும் வேணாங்க. அரசுப் பள்ளிப் பசங்களுக்கு மட்டும். புதுசா குளம் கட்டினா தண்ணி, குளோரின், காவலாளுன்னு வருஷம் முழுக்கச் செலவாச்சே?’’

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 2021-ல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். மனுவில் அதை எழுதினார். தம்பியின் பெயரை எழுதவில்லை. வயதை மட்டும் எழுதினார்: 9.