அப்பாவுக்கு அங்க வேலை இருக்கு, எனக்கு?



தூதரக வேலையில் வெளிநாடு போகும் குடும்பம் எப்படித் தயாராக வேண்டும் என்று நம் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். என் மகள் குடும்பம் மங்கோலியாவின் தலைநகர் உலான்பாதருக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கிளம்புவதற்கு முந்தைய நான்கு மாதமும் நான் அவர்களோடுதான் இருந்தேன். தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது பழக்கம்தானே!

மாப்பிள்ளைக்கு வெளியுறவு அமைச்சகத்தில் வேலை. ஆர்டர் வந்த நாளிலிருந்து வீட்டில் சாமான் பட்டியல்தான் ஓடிக்கொண்டிருந்தது. எதை எடுத்துப் போவது, எதை விற்பது, எதை என் வீட்டுப் பரணில் போடுவது என்று. அப்போது பத்து வயதுப் பேத்தி என்னிடம் கேட்டாள்: “அப்பாவுக்கு அங்க வேலை இருக்கு. எனக்கு அங்க என்ன இருக்கு அம்மாச்சி?”

மொத்த விஷயமும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆர்டர் ஒருவர் பெயருக்குத்தான் வருகிறது. அவர் போய் இறங்கியதும் மேசை, நாற்காலி, கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் தயாராக இருக்கும். மனைவிக்கும் பிள்ளைக்கும் அப்படி எதுவும் கிடையாது. இங்கே இருந்ததையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கும் அங்கே போவதற்கென்று ஏதாவது இருக்க வேண்டும். அதைத் தேடுவதுதான் முதல் வேலை. பெட்டி கட்டுவது அதற்குப் பிறகு.

முதலில் மகள் கதை. ஒரு தனியார் நிறுவனத்தில் 11 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவள். தூதரகப் பணியாளரின் மனைவியோ கணவனோ அந்த நாட்டில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது சுலபமில்லை. அந்த அரசின் அனுமதி வேண்டும். ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்று அவள் சாப்பிடவில்லை. “போய்ட்டு வந்து பாத்துக்கலாம்” என்று யாரும் சமாதானம் சொல்லவில்லை. அவள் இழப்பது என்னென்ன என்று மாப்பிள்ளையே காகிதத்தில் எழுதினார்: சம்பளம், பி.எஃப்., அடுத்து வரவேண்டிய பதவி உயர்வு. வெளிநாட்டுப் படியிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை அவள் பெயரில் தனிக் கணக்குக்குப் போக வேண்டும் என்று முடிவானது. அது இன்றுவரை தவறாமல் போகிறது. படிக்கப் போகும் பெண்ணே, உனக்குத்தான் சொல்கிறேன், இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மொழி கற்கும் பொறுப்பையும் மகளே எடுத்துக்கொண்டாள். அங்கே இப்போது வழக்கத்தில் இருப்பது சிரில்லிக், 35 எழுத்து. பார்த்தால் ஆங்கிலம் மாதிரி இருக்கும், ஒலி வேறு. ‘பி’ மாதிரித் தெரிவது ‘ர’, ‘எச்’ மாதிரித் தெரிவது ‘ந’. கிளம்புவதற்கு முன்பே தாயும் மகளும் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிவிட்டார்கள். இன்று கடையில், டாக்ஸியில் பேசுவது அவள்தான். மாப்பிள்ளை பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

பேத்திக்கு நான் கொடுத்தது கோள்கள். மங்கோலிய மொழியில் செவ்வாய்க் கோளுக்கு அங்கரக், புதனுக்கு புத், வியாழனுக்கு பர்காஸ்பாதி, வெள்ளிக்கு சுகர், சனிக்கு சன்சிர். நம் அங்காரகன், புதன், பிரகஸ்பதி, சுக்கிரன், சனைச்சரன்தான். பௌத்தத்தோடு சேர்ந்து சமஸ்கிருதச் சொற்கள் திபெத், மத்திய ஆசியா வழியாக அவ்வளவு தூரம் போயிருக்கின்றன. “இந்த மாதிரி இன்னும் என்னென்ன இருக்குன்னு கண்டுபிடிச்சு எனக்கு எழுதணும்” என்று ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு அங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டது. முதல் மாதமே எழுதினாள்: கெர் என்ற வட்டக் கூடாரத்துக்குள் போகும்போது வாசற்படியை மிதிக்கக் கூடாதாம், எதைக் கொடுத்தாலும் வலது கையால்தான் வாங்க வேண்டுமாம். “நீங்க சொல்றதேதான் அம்மாச்சி!”

நல்லதை மட்டும் சொல்லிக் கூட்டிப் போகக் கூடாது. உலான்பாதர் உலகத்திலேயே மிகக் குளிரான தலைநகரம். கொடைக்கானலைவிட உயரம் குறைவு, சுமார் 1,300 மீட்டர்தான். ஆனால் கடல் வெகுதூரம், வடக்கே சைபீரியா. ஜனவரி இரவில் மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும். குளிரைவிட எங்களுக்குப் பயம் புகைதான். நகரைச் சுற்றியுள்ள கூடாரக் குடியிருப்புகளில் அடுப்பில் நிலக்கரிதான் எரியும். 2019-இல் பதப்படுத்தாத நிலக்கரியைத் தலைநகரில் தடை செய்த பிறகும் குளிர்காலப் புகை முழுதாகப் போகவில்லை. பேத்திக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு.

போகலாமா, மாப்பிள்ளை மட்டும் போகட்டுமா என்று மூன்று வாரம் பேசினோம். டாக்டரைப் பார்த்து, மருந்துகளின் பெயரை, கம்பெனிப் பெயராக இல்லாமல், மருந்தின் பொதுப் பெயரில் எழுதி வாங்கினோம். காற்று சுத்திகரிப்புக் கருவி, முகக்கவசம், நெபுலைசர் எல்லாம் முடிவானது. முதல் குளிர்காலத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் தாயும் மகளும் மார்ச் வரை ஊருக்கு வந்துவிடுவது என்று பேசி வைத்தோம். இதைப் பேத்தியிடமும் மறைக்காமல் சொன்னோம். திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

சாமான் விஷயத்தில் மூன்றே குறிப்பு. ஒன்று, கனமான குளிர் உடையை இங்கே வாங்காதீர்கள். அங்கே கிடைப்பதுதான் அந்தக் குளிருக்குத் தாங்கும். இரண்டு, பருத்தி உடை நிறைய வேண்டும். செப்டம்பர் நடுவிலிருந்து மே நடுவரை அடுக்குமாடி வீடுகளுக்குக் குழாய் வழியே வெந்நீர் வந்து சூடாக்குகிறது. உள்ளே நம் ஊர் நைட்டிதான் சரி. இட்லி மாவும் அந்தச் சூட்டில்தான் பொங்குகிறது. மூன்று, பிறப்பு, திருமண, பள்ளிச் சான்றிதழ்களும் தடுப்பூசி அட்டையும் கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் அல்ல.

முதல் ஜனவரியில் ஒரு முறை பேத்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்கு நாள். நான் இங்கே உறங்கவில்லை. இரண்டாவது முறை வரவில்லை. இப்போது இரண்டாவது குளிர்காலம் நடக்கிறது. ஞாயிறு மாலை இங்கே 5 மணி என்றால் அங்கே 7.30. தமிழ்ப் பாடம் முடிந்த பிறகு நோட்டைக் காட்டுகிறாள். 42 பக்கம் நிரம்பியிருக்கிறது.

நம் பிள்ளைகளில் வேறு யாராவது இப்படிக் குடும்பத்தோடு போயிருந்தால் கீழே எழுதுங்கள். முக்கியமாக, கூடப் போனவர்கள் எழுதுங்கள். ஆர்டர் வாங்கியவர்கள் சொல்வதை ஏற்கெனவே நிறையக் கேட்டுவிட்டோம்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்