ஒரு முழு நிமிடம்

மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மழைக்காலக் காலை; நோயாளர் வரிசை தாழ்வாரத்தைத் தாண்டி நீண்டிருந்தது. பாட்டி ஒருத்தியின் மடியில் எட்டு மாதக் குழந்தை, இரண்டு நாளாய் இருமல். பணியேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த இளம் மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து 15 வினாடி மூச்சை எண்ணினார். பதினொன்று. நான்கால் பெருக்க 44. சாதாரணச் சளி என்று எழுதத் தொடங்கினார். உடன் வந்திருந்த ஆஷா பணியாளரோ குழந்தையின் சட்டையை உயர்த்திப் பிடித்து, வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் நிமிடம் ஆகவில்லை, டாக்டர் சாகேப்.”

முடிவில் அவர் சொன்ன எண் 53.

இருமும் குழந்தை இரண்டு மாதத்திற்கும் ஓராண்டிற்கும் இடைப்பட்டதாயின் நிமிடத்திற்கு 50 மூச்சு, அதற்குமேல் ஐந்து வயதுவரை 40: இவ்வெல்லையைத் தொட்டால் நிமோனியா எனக் கொண்டு மருந்து தர வேண்டும். தொடாவிட்டால், வேறு அபாயக்குறி இல்லாதவரை, நுண்ணுயிர்க்கொல்லி வேண்டியதில்லை. பச்சிளங்குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதன்று. சிறிது விரைந்து, சிறிது தயங்கும். கால் நிமிடத்தைப் பெருக்குவது அந்தத் தயக்கத்தையும் சேர்த்தே பெருக்குவதாகும். அழும்போது எண்ணுவதோ வீண்.

இப்பாடத்தில் அம்மாவட்டத்திற்கு மூத்த உரிமை உண்டு. 1980களின் இறுதியில் அபய் பாங்கும் ராணி பாங்கும் அங்குள்ள சிற்றூர்களில் எழுத்தறியாத மருத்துவச்சிகளுக்கும் நிமோனியாவைக் கண்டறியக் கற்பித்தனர். அதற்கென அவர்கள் உருவாக்கிய கருவியில் ஒரு நிமிட மணற்கடிகையும் மணிகளும் இருந்தன. பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் தீருமுன் கடைசிச் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் நோய் உறுதி. பத்துவரை எண்ணத் தெரிந்தால் போதும். குழந்தை இறப்பு குறைந்ததைக் காட்டிய அவ்வாய்வு 1990இல் லான்செட் இதழில் வெளிவந்தது. (மருத்துவக் கல்லூரியில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டக் கற்கும் பெருமிதம், இந்த எளிய எண்ணிக்கைக்கு வாய்ப்பதில்லை.)

இளம் மருத்துவர் எழுதியதை அடித்துவிட்டுத் தாமே முழு நிமிடம் எண்ணினார். 52. வெளியே முணுமுணுப்பு எழுந்தது. ஐந்து நாளுக்கு அமாக்சிசிலின் எழுதினார். மார்புக்கூடு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே கொண்டுவர வேண்டும், இல்லாவிடினும் இரண்டு நாளில் காட்ட வேண்டும் என்று பாட்டியிடம் இருமுறை சொன்னார்.

அடுத்த குழந்தை அழுதுகொண்டே வந்தது. அழுகை அடங்கும்வரை தாயுடன் ஓரமாய் அமரச் சொன்னார்.